காரைக்குடியில் ஒரு சோற்றுக் கடன்!

காரைக்குடி என்றால் நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு இரண்டு விஷயம்தான் சட்டென்று ஞாபகம் வரும். ஒன்று, 1952-ல் தொடங்கிய அழகப்பா செட்டியார் இன்ஜினீயரிங் காலேஜ். இன்னொன்று, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ‘சிக்ரி’ மின்வேதியியல் ஆய்வகம். சாப்பாட்டுப் பிரியர்கள் மூன்றாவதாக செட்டிநாட்டு மெஸ்ஸைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது பாஸ். ஒவ்வொரு வருடமும் பங்குனி மாசம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், இந்த ஊர்க்காரர்கள் கும்பகர்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, சட்டையைப் பிடித்து, ‘நீ செஞ்சது சரியா, தப்பா?’ என்று விசாரிக்கிறார்கள். வீடணனையும் விடுவதில்லை. வாலி, கைகேயி என்று யாருக்கும் தப்பிக்க வழியில்லை. சில சமயம் ராமனே கூண்டில் நிற்கிறான்!

இதற்குப் பெயர் கம்பன் விழா. ‘கம்பன் அடிப்பொடி’ சா.கணேசன் 1939-ல் ஆரம்பித்து வைத்தது. பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாளும் காரைக்குடியில். அடுத்த நாள், அத்த நட்சத்திரத்தன்று, சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டரசன்கோட்டையில். கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றியது ஒரு பங்குனி அத்தத்தில் என்று பழம்பாடல் சொல்லும் கணக்குதான் இதற்கு அடிப்படை.

ப்ளஸ் டூ தமிழில் ‘கும்பகர்ணனின் குணநலன்களை விவரி’ என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? கோனார் நோட்ஸில் அஞ்சு பாயின்ட், அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு, மேட்டர் முடிந்தது. அதே கேள்வியை ஒரு ஊரே இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் பதில் எழுதி முடிக்கவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டாமா? ‘ஸ்டோரி எடுத்துட்டு வா’ என்று ஆபீஸில் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறிய பஞ்சாயத்து

திருச்சியிலிருந்து காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டை ஜன்னலில் எட்டிப் பார்க்கும்போது, கூட வந்த நண்பன் வாயைத் திறந்தான். (பெயர் வேண்டாம், காலேஜும் வேண்டாம். ‘நண்பன்’ என்றே வைத்துக்கொள்வோம்.) அதுவரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தான். பாட்டு ஓடவே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

“மச்சி... திங்கக்கெழம என்கொயரிடா.”

விஷயம் இதுதான். அவனுடைய ரூம்மேட் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனை ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நிற்க வைத்திருக்கிறான். உட்காரக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. விடியற்காலையில் பையன் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது. விழித்துப் பார்த்தவன், ‘படியில வழுக்கிட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவ்வளவு பயம். ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போன நண்பன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். “கீழ போடா, ஒண்ணுமில்ல, ச்சும்மா விளையாட்டு” என்று ரூம்மேட் அனுப்பிவிட்டான்.

தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிரான சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. ஜெயில் வரைக்கும் போகிற குற்றம். நண்பனுக்கு அது தெரியும். “நீ என்ன பார்த்தே?” என்று கமிட்டியில் கேட்கப் போகிறார்கள். பார்த்ததைச் சொல்ல வேண்டியதுதானே?

இங்கேதான் முடிச்சு. செகண்ட் இயரில் நண்பனுடைய அப்பாவுக்கு ஆக்சிடென்ட் ஆகி, வீட்டில் ஆறு மாசம் வருமானமே இல்லை. அந்த ரெண்டு செமஸ்டரும் அவனுக்கு மெஸ் ஃபீஸ் கட்டியது அதே ரூம்மேட்தான். யாரிடமும் சொல்லவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை.

“அவன் காசுல ஒரு வருஷம் சோறு தின்னுருக்கேன்டா. அவனுக்கு எதிரா எப்படி மச்சி...”

எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ் காரைக்குடிக்குள் நுழைந்துவிட்டது.

சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் சபை

ஊரில் வெள்ளைப் பணியாரத்தையும் கார சட்னியையும் ஒரு கை பார்த்துவிட்டு, கம்பன் மணிமண்டபத்துக்குப் போனோம். அந்த வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. மொழிக்குக் கோயில்!

அரசியல் மீட்டிங், காலேஜ் கல்ச்சுரல்ஸ் எல்லாம் பார்த்துப் பழகின நமக்கு, இங்கே முதல் ஷாக், நேரம். போட்ட நேரத்துக்கு டாணென்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சா.கணேசன் காலத்திலிருந்தே அப்படியாம். ரெண்டு நிமிஷம் லேட்டாக வந்த ஒரு பெரியவர், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்புச் சத்தம் வராமல் பூனை நடை நடந்து போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஷாக், ‘பட்டிமன்றம்’ என்று இங்கே சொல்வதில்லை. ‘பட்டிமண்டபம்’தான். சிலப்பதிகாரம், மணிமேகலை காலத்திலேயே புழங்கிய வார்த்தை. கம்பரும் அயோத்தியை வர்ணிக்கும்போது இதைச் சொல்கிறார். இன்றைக்குப் பண்டிகை நாளில் டி.வி.யில் வரும் பட்டிமன்றங்களுக்குத் தாய்வீடு இந்த மேடைதான் என்பார்கள். பக்கத்து ஊரான குன்றக்குடியின் அடிகளார் பல வருடங்கள் நடுவராக இருந்த மேடை. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா வந்து கம்பனைப் பற்றி முழங்கியிருக்கிறார். ஐகோர்ட் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு.இஸ்மாயில், வாலியை ராமன் மறைந்திருந்து கொன்றது சரியா என்று ஆராய்ந்து தனி நூலே எழுதினார். எதிர்க்கட்சியும் இல்லாமல் இல்லை. 1943-ல் அண்ணா, கம்பனுக்கு எதிராக நின்று ரா.பி.சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மோதிய சொற்போர்தான் ‘தீ பரவட்டும்’ என்ற புத்தகமானது. சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர், முஸ்லிம் நீதிபதி, கம்யூனிஸ்ட் என்று எல்லாரையும் ஒரே புத்தகத்தை வைத்து வாதாட வைத்திருக்கிறார் மனுஷன்!

அன்றைய சாயங்கால வாதம் உடன்பிறப்புகளைப் பற்றியது. நடுவர் முதலில் ஒரு மேப் போட்டுக் காட்டினார். கம்ப ராமாயணத்தில் மூன்று ஊர், மூன்று அண்ணன் தம்பிக் கூட்டம். அயோத்தியில் ‘ராஜ்ஜியம் உனக்கு, எனக்கு வேண்டாம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். கிஷ்கிந்தையில் ‘எனக்குத்தான்’ என்று அடித்துக்கொள்கிறார்கள். இலங்கையில் பிரச்னை ராஜ்ஜியமே இல்லை. அண்ணன் தப்பு செய்துவிட்டான், தம்பிகள் என்ன செய்வது? ஒருத்தன் கூடவே நின்று செத்தான். இன்னொருத்தன் விட்டுவிட்டுப் போனான்.

எனக்குப் பக்கத்தில் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கும்பகர்ணன் அணியில் பேசியவர் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்றதும் விசில் மட்டும்தான் பறக்கவில்லை, அப்படிக் கைதட்டல். நம்ம ஜனங்களுக்கு அந்த வார்த்தை என்றாலே ஒரு இது. ‘கர்ணன்’ படம் வந்த 1964-லிருந்து கண்ணில் தண்ணி வைக்கிற வார்த்தை அல்லவா! வீடணன் அணி எழுந்து, “ரத்தம் பெரிசா, நியாயம் பெரிசா?” என்று கேட்டது. அதற்கும் கைதட்டல், ஆனால் கொஞ்சம் கம்மி. வீட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்கிற முள் நம்ம ஊரில் வீடணன் பேரோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நடுவர் தீர்ப்பை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. எங்களுக்குத் தீர்ப்பு கிடைத்தது வெளியே, டீ டம்ளரோடு நிற்கும்போது.

ஆச்சி கேட்ட கேள்வி

கூட்டம் கலைந்தும் வாதம் கலையவில்லை. டீக்கடை வாசலில் ரிட்டையர்ட் வாத்தியார் ஒருவர் கும்பகர்ணனுக்காக உருகிக்கொண்டிருந்தார்.

“தோக்கப் போறோம்னு தெரியும் தம்பி. சாகப் போறோம்னும் தெரியும். தெரிஞ்சே போனான் பாருங்க, அவன் மனுஷன்.”

“அவன் அரக்கன்ங்கய்யா” என்று நான் கடித்தேன்.

“அரக்கனைத்தான் நமக்கு மனுஷனாக் காட்டினான் கம்பன்!” என்று மடக்கினார். உடனே வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் பையில் தண்ணி பாட்டிலும் விசிறியுமாக ஒரு ஆச்சி. எழுபது வயசிருக்கும். சின்னப் பிள்ளையாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தவராம். எங்களைப் பார்த்து, “தம்பிக எந்த ஊரு, படிக்கிறீகளா?” என்று விசாரித்துவிட்டு, வாத்தியார் பக்கம் திரும்பினார்.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க சார். வருஷா வருஷம் அண்ணன் எப்படி, தம்பி எப்படின்னே பேசுறீக. அங்க அசோக வனத்துல ஒருத்தி உக்காந்துருக்காளே, அவளைக் கேட்டீகளா?”

வாத்தியார் டீயை உறிஞ்சிவிட்டு யோசித்தார்.

“கும்பகர்ணன் கேட்டான் ஆச்சி” என்றார் மெதுவாக. “தூங்கி எந்திரிச்சு வந்து, சண்டை தொடங்கிருச்சான்னு கேக்குறான் பாருங்க... அந்த மூச்சுலயே, சீதையோட துயரம் இன்னும் தீரலியான்னும் கேப்பான்.”

“அப்ப அதைப் பேசுங்க, மேடையில” என்று சொல்லிவிட்டு ஆச்சி ஆட்டோ ஏறிவிட்டார்.

நண்பன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். டீ ஆறிப்போயிருந்தது.

பத்தாயிரம் பாட்டில் ஒரு ஃப்ளோ சார்ட்

மண்டப வாசலில் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். உரையோடு யுத்த காண்டம் ஒன்று வாங்கினோம். கம்ப ராமாயணம் மொத்தம் பத்தாயிரம் பாடலுக்கு மேல். ஆறு காண்டத்தில் இதுதான் பெரிசு. தலையணைக்குத் தலையணை, புத்தகத்துக்குப் புத்தகம். லாட்ஜில் கொசு தூங்க விடவில்லை. கம்பரும் விடவில்லை.

செஞ்சோற்றுக் கடன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, கும்பகர்ணன் உண்மையில் என்னென்ன செய்கிறான் என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். இன்ஜினீயரிங் புத்தி, ஃப்ளோ சார்ட் போட்டால்தான் நமக்கு எதுவும் ஏறும்.

முதல் கட்டம், இராவணன் மந்திராலோசனை. அனுமன் வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு நடக்கிற எமர்ஜென்சி மீட்டிங். மகோதரன் மாதிரி தளபதிகள் ஒவ்வொருத்தராக எழுந்து, ‘நான் ஒருத்தனே போதும்’ என்று சவடால் விடுகிறார்கள். அப்போது கும்பகர்ணன் எழுந்து அண்ணனை நேருக்கு நேர் கேட்கிறான். அடுத்தவன் மனைவியைத் தூக்கி வந்து சிறை வைத்துவிட்டு, மானத்தைப் பற்றியும் வீரத்தைப் பற்றியும் பேசுகிறோமே, குலத்துக்கே அசிங்கம் இல்லையா என்கிறான். ஆனால் முடிக்கும்போது வேறு மாதிரி முடிக்கிறான். இனிமேல் அவளை விட்டால் நம்மைக் கோழை என்பார்கள், அதனால் சண்டைதான் வழி என்கிறான். தப்பு என்று தெரிகிறது, திரும்பி வர ஈகோ விடவில்லை. நம்ம ஆள்!

அதே சபையில் வீடணன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அனுமனைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்வது தர்மம் இல்லை என்று முன்னாடியே தடுத்தவன் அவன்தான். இப்போது, சீதையை அனுப்பிவிடு என்று நேரடியாகச் சொல்கிறான். இராவணன் கேட்கவில்லை. இரணியன் கதையை எடுத்து விரிவாகச் சொல்கிறான். ‘நீயும் அந்தப் பிரகலாதன் மாதிரிதானா, போ வெளியே!’ என்று அண்ணன் துரத்துகிறான். போகிறபோதும், உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், என் பிழையைப் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

இரண்டாவது கட்டம், யுத்தம் நடக்கிறது. கும்பகர்ணனை எழுப்பிக் கூட்டி வருகிறார்கள். வாத்தியார் சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டு, இந்தத் தடவை அவன் தெளிவாகச் சொல்கிறான். சீதையை விட்டுவிடு, ராமனோடு சமாதானம் பண்ணிக்கொள், தம்பியோடும் சேர்ந்துகொள். முதல் மீட்டிங்கில் இருந்த அந்த ஈகோ போய்விட்டது பாருங்கள்! இராவணன், போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு என்கிற ரேஞ்சில் நக்கலடித்துவிட்டு, தானே போருக்குக் கிளம்புகிறான். அப்போதுதான் கும்பகர்ணன் அண்ணனை வணங்கி, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆயுதத்தை எடுக்கிறான். கிளம்பும்போதும், என்னையே ஜெயித்துவிட்டார்கள் என்றால் உன்னையும் ஜெயிப்பார்கள், அப்போதாவது அவளை விட்டுவிடு என்று சொல்லித்தான் போகிறான்.

மூன்றாவது கட்டம், போர்க்களம். வீடணன் அவனைத் தேடி வருகிறான், ராமன் பக்கம் கூப்பிடுகிறான். எனக்குத் தந்த இலங்கை ராஜ்ஜியத்தையே உனக்குத் தருகிறேன் என்கிறான். கும்பகர்ணன் வர மறுக்கிறான். வளர்த்து, ஆளாக்கி, போருக்கு அலங்கரித்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுப்பதுதான் தன் வழி என்கிறான். ஆனால் தம்பியைத் துரோகி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ போன இடம் சரி, அங்கேயே இரு, செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க நீயாவது மிஞ்ச வேண்டும் என்று கட்டிப்பிடித்து அனுப்புகிறான். சாகும்போது ராமனிடம் கேட்கிற வரத்தில் ஒன்று, என் தம்பியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்பது. இன்னொன்று, மூக்கறுபட்ட என் முகத்தை யாரும் பார்க்காதபடி தலையைக் கடலில் போட்டுவிடு என்பது.

ராத்திரி ஒரு மணி. சார்ட்டைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மேடையில் இவர்கள் ரெண்டு பேரையும் எதிரெதிர் அணியில் உட்கார வைக்கிறோம். கம்பன் வைக்கவில்லை. ஒருத்தன் நின்றான், ஒருத்தன் போனான், ஆனால் ரெண்டு பேருடைய சார்ட்டிலும் முதல் பாக்ஸ் ஒன்றுதான்: அண்ணன் முகத்துக்கு நேராக, ‘நீ செய்யறது தப்பு’ என்று சொன்னார்கள். அவர்களுக்கு நிஜமான எதிரணி யார் தெரியுமா? அந்தச் சபையில் மீதி உட்கார்ந்திருந்தவர்கள். ‘சூப்பர் தலைவா’ என்று ஜால்ரா தட்டியவர்கள். அவர்களும் இராவணன் சோற்றைத்தான் தின்றார்கள். செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்வதில்லை.

நாட்டரசன்கோட்டை மண்

மறுநாள் காலை சிவகங்கை பஸ் பிடித்து, அங்கிருந்து நாட்டரசன்கோட்டை. செட்டிநாட்டு வீடுகள், கண்ணாத்தாள் கோயில், வெயிலில் படுத்துக் கிடக்கும் தெரு. கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அம்மன் கோயில். தமிழ் வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கம்பன் அருட்கோயில். கம்பர் இங்கேதான் அடக்கமானார் என்பது ஊர் நம்பிக்கை.

கம்பர் பிறந்தது சோழ நாட்டுத் தேரழுந்தூர். மாயவரம் பக்கம். அந்த மனுஷர் இவ்வளவு தூரம் தள்ளி, இந்தக் காய்ந்த பாண்டி மண்ணுக்கு ஏன் வந்தார்? சோழ ராஜாவோடு மனஸ்தாபம் என்கிறது செவிவழிக் கதை. மகன் அம்பிகாபதி இளவரசி அமராவதியைக் காதலித்து உயிரை விட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் கதையாகவே வைத்துக்கொண்டாலும், சோறு போட்ட ராஜாவோடு முரண்பட்டு நாட்டை விட்டு நடந்த ஒருவராகத்தான் நம்ம ஜனங்கள் கம்பரை நினைவில் வைத்திருக்கிறார்கள். கூடவே இன்னொன்று. பசித்த காலத்தில் ஆதரித்த சடையப்ப வள்ளலைத் தன் காவியத்துக்குள்ளேயே பல இடங்களில் நன்றியோடு நிறுத்தி வைத்தவரும் அவரேதான். கும்பகர்ணனையும் வீடணனையும் ஒரே பேனா எழுதியது எப்படி என்று எனக்கு அங்கே நிற்கும்போது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

விழா நாள் என்பதால் கூட்டம். ஒரு அம்மா, சமாதி பக்கத்து மண்ணைத் துளி எடுத்து, இடுப்பில் இருந்த குழந்தையின் நாக்கில் வைத்தார். இப்படிச் செய்தால் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நம்பிக்கை. குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நண்பன் சிரிக்கவில்லை. வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, நேற்று ராத்திரி நான் கிறுக்கிய ஃப்ளோ சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்.

“மச்சி, கும்பகர்ணன் கடனை அடைச்சான்ல... எதைக் குடுத்து அடைச்சான்?”

“உசுரை.”

“யாரு உசுரை?”

“அவன் உசுரைத்தான்.”

“அதான்டா. நான் வாயை மூடிக்கிட்டா, அந்தக் கடனை நான் அடைக்கல. அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் அடைக்கிறான். அவன் யாரு சோத்தையும் திங்கலயே.”

நாலு பேர் ரெண்டு மணி நேரம் மைக் பிடித்துப் பேசிய விஷயத்தை அவன் நாலு வரியில் முடித்துவிட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. இது அவனுடைய பரீட்சை. என்னால் பிட் கொடுக்க முடியாது.

திங்கட்கிழமை

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் போட்ட பிளான் ரொம்ப சிம்பிள். கமிட்டிக்கு முன்னாடி ரூம்மேட். ஞாயிறு ராத்திரியே அவனிடம் நேராகச் சொல்லிவிட்டான். “நீ செஞ்சது தப்புடா. நாளைக்கு நான் பாத்ததைச் சொல்லப் போறேன். நீயே முதல்ல போய்ச் சொல்லிட்டேன்னா, உன்கூட வந்து நிக்கிறேன்.”

சினிமாவாக இருந்தால் ரூம்மேட் அழுது, திருந்தி, ரெண்டு பேரும் கட்டிப்பிடித்திருப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. “என் காசுல தின்னவன்டா நீ” என்று ஹாஸ்டல் வராண்டாவே கேட்கிற மாதிரி கத்தினான். நண்பனும் திருப்பிக் கத்தவில்லை. “ஆமா, தின்னேன். மறக்கல” என்று மட்டும் சொன்னானாம்.

கமிட்டியில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில், கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னானாம். தன் குடும்பம் கஷ்டத்தில் இருந்தபோது தனக்குச் சோறு போட்டவன் இவன்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று. ரூம்மேட்டை ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் திரும்பி வந்து, வேறு பிளாக்கில் ரூம் வாங்கிக்கொண்டான்.

ஹாஸ்டலில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. ‘காட்டிக் கொடுத்தவன்’ என்று கொஞ்ச பேர் நண்பனோடு பேசுவதில்லை. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீடணன் பேருக்குக் காரைக்குடியிலேயே கைதட்டல் கம்மியாகத்தானே விழுந்தது. அது அவனுக்கும் தெரியும். ட்யூஷன் எடுத்து, மெஸ் ஃபீஸ் காசை மாசா மாசம் ரூம்மேட் அக்கவுன்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஒருமுறைகூட ‘வந்துச்சு’ என்று பதில் வரவில்லை. இவனும் நிறுத்தவில்லை.

நீங்களும் போகணுமா?

பங்குனி மகத்தன்று கிளம்புங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம் அந்த வாக்கில் வரும். பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொள்வது நல்லது. திருச்சி, மதுரை ரெண்டு பக்கமிருந்தும் காரைக்குடிக்கு பஸ் கொட்டிக் கிடக்கிறது. நாலாவது நாள் நாட்டரசன்கோட்டையைத் தவற விட்டுவிடாதீர்கள். தண்ணி பாட்டில், விசிறி கட்டாயம். மாடல் எக்ஸாம் இருந்தால் புத்தகத்தையும் கொண்டு போங்கள். எப்படியும் திறக்கப் போவதில்லை!

முக்கியமாக, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேருங்கள். முன் வரிசையில் ஒரு ஆச்சி விசிறியோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டால், மேடையில் வராத கேள்விகள் எல்லாம் உங்களுக்கு இலவசம்.